பாலத்தில் கட்டிய கயிறு

சைக்கிள் பந்தயச் சங்கத்தின் காரியதரிசி பொய் எழுதியிருக்கிறார். சங்கத்தின் ஆண்டு மலர் போன வாரம் என் கைக்கு வந்தது. முதல் பந்தயத்தைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பது இது: "காவேரிப் பாலத்தைச் சிறிது நேரம் மூடினோம். ஒருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை." ஸ்ரீரங்கத்துப் பக்கம் பாலத்தின் குறுக்கே கயிறு கட்டியவன் நான். தேங்காய்நார்க் கயிறு, கட்டைவிரல் பருமன். அதற்கு இந்தப் பக்கம் நின்றவள் என் அக்கா.

அக்கா பதினெட்டு வயதில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அடுப்படியிலேயே உட்கார்ந்து படித்தாள். ஆசிரியைப் பயிற்சியில் சேரப் பரீட்சை எழுத அப்பாவின் சம்மதம் கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் வயது வரம்பு நெருங்கிவிட்டது. அந்த வருஷம் விட்டால் பிறகு கிடையாது. பரீட்சை சனிக்கிழமை பதினோரு மணிக்கு, பாலத்துக்கு அக்கரையில் திருச்சியில். சமையலை முடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றார் அப்பா. அப்போது எனக்கு வயது இருபது, பந்தயத்தில் நான் தொண்டன். நோட்டீஸில் ஒன்பது முதல் பத்து வரை பாலம் மூடல் என்று போட்டிருந்தது. பத்து மணிக்குக் கயிற்றை அவிழ்த்ததும் நானே அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

ஒன்பது மணிக்குக் கயிறு கட்டியாயிற்று. அப்புறம்தான் யாரோ ஒரு பெரிய மனிதர் பஞ்சாங்கத்தை நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம். பந்தயத்தைப் பத்தரைக்குத் தள்ளினார்கள். சரி, அதுவரை பாலத்தைத் திறந்துவிடலாமே? கூடாதாம். பந்தயத்துக்கென்று கட்டிய கயிற்றைப் பந்தயம் தொடங்குமுன் அவிழ்த்தால் அபசகுனமாம்.

ஆக, ஒன்றரை மணி நேரம் பாலம் காலியாகக் கிடந்தது. ஒரு நாய் மட்டும் நடுவில் படுத்திருந்தது. கீழே ஐப்பசி வெள்ளம், பரிசல்கூட இறங்கவில்லை. காலை ரயில் எப்போதோ போய்விட்டது.

அக்கா வந்த ஜட்கா வண்டிக்காரர்தான் முதலில் கத்தினார். "ஏங்க, ராகுகாலத்துல சைக்கிள்தானே ஓடக்கூடாது? என் குதிரை அந்தக் கட்சி இல்லீங்க, விடுங்க!" கூட்டம் சிரித்தது. அன்றும் இவர்தான் காரியதரிசி; கயிற்றருகே நின்றிருந்தவருக்கு முகம் சிவந்தது.

அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். அந்நிய ஆண்களிடம் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. "பதினோரு மணிக்கு எனக்குப் பரீட்சை. வண்டி வேண்டாம். நான் ஓரமா நடந்து போயிடறேன். கயித்தை அவிழ்க்கக்கூட வேண்டாம், குனிஞ்சு போயிடறேன்" என்றாள்.

"ஒருத்தரை விட்டா எல்லாரும் வருவா, அம்மா. பரீட்சை அடுத்த வருஷமும் வருமே" என்றார் காரியதரிசி.

"உங்க பந்தயமும் அடுத்த வருஷம் வருமே. எனக்கு வயசு வராது."

அவர் என்னைப் பார்த்து, "கயித்தை இறுக்கிப் பிடிப்பா" என்றார். நான் பிடித்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முடிச்சு என் கையில்தான் இருந்தது. மார்பில் குத்தியிருந்த, 'தொண்டர்' என்று எழுதிய பட்டுப் பட்டைக்காகப் பிடித்தேன். அதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

பாலம் திறந்தபோது மணி பதினொன்றே கால். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம், கதவைச் சாத்திவிட்டார்கள். வீட்டில் அப்பா ஒரே வார்த்தை சொன்னார்: "பெருமாளுக்கே இஷ்டமில்லை." பெருமாள் எங்கே வந்தார்? தடுத்தவர்கள் நாங்கள். அக்கா அன்று மாலை புத்தகங்களை எல்லாம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். இன்றும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறாள். அந்த எதிர்வீட்டுப் பெண் இப்போது லால்குடியில் டீச்சர். லீவுக்கு வரும்போதெல்லாம் அக்காவை வந்து பார்ப்பாள். அவள் போன பிறகு அக்கா அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டாள்.

காரியதரிசி அவர்களே, மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அவள் கேட்டது குனிந்து போகும் அளவு இடம். அடுத்த மாதம் ஆண்டு விழா மேடையில் ஒலிபெருக்கி முன்னால் நிற்பீர்கள். ஊர் கேட்கச் சொல்லுங்கள்: காலிப் பாலத்தில் ஒருத்தி நடந்து போயிருந்தால் உங்கள் பந்தயத்துக்கு என்ன குறைந்திருக்கும்? என் பங்கை நான் இங்கே எழுதிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் அங்கே சொல்லுங்கள். முன்வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருப்பேன்.