மரமல்லிக்கு அடியில் கைலாசம்

எங்கள் ஊர்ப் பூங்காவுக்குக் காலையில் நடக்க வருகிறவர்கள் இரண்டு வகை. சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள் ஒரு வகை. சர்க்கரை வியாதிக்காக நடந்துவிட்டு, வாசல் கடையில் இரண்டு போண்டாவும் காபியும் சாப்பிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினர் ஆரம்பித்ததுதான் திருச்செங்கோட்டு நடையாளர் சங்கம். தலைவர் கைலாசம். துணைத்தலைவர் நான். நான் கேட்டு வாங்கிய பதவி இல்லை. தேர்தல் நடந்த அன்று வயிற்றுப்போக்கால் வரமுடியவில்லை, ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கைலாசம் முப்பத்தைந்து வருசம் ரிக் வண்டியோடு மாநிலம் மாநிலமாகப் போய் போர்வெல் போட்டவர். அந்தத் தொழிலில் அவருக்குக் ‘காதுக்காரர்’ என்று பேர். கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே நின்று, கீழே எந்தப் பாறையில் துளைக்கும் பிட் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். தண்ணீர் தட்டினால், அது மேலே வரும் முன்பே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விலகி நிற்பாராம். இப்போது வண்டிகளை மகன் தமிழரசு பார்த்துக்கொள்கிறான். வீடு, தோட்டம், மூன்று காலிமனை எல்லாம் கைலாசத்துக்கு உண்டு. அவற்றைப் பற்றி அவர் பெருமை பேசிக் கேட்டதில்லை. காதைப் பற்றிப் பேசாத நாளில்லை.

அவர் அடிக்கடி பேசும் இன்னொரு விஷயம் அவர் மனைவி. “எங்க ஊட்டுல சென்னியம்மா சத்தமே கேக்காதுங்க. அஞ்சு வருசமா எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல” என்பார். சங்கத்தில் பலபேர் பொறாமையில் பெருமூச்சு விடுவார்கள். நான் மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் அவருக்குப் பக்கத்து வீடு. சென்னியம்மாள் காலையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் கைலாசத்தின் பரம்பரையையே இழுத்துப் போட்டுத் தேய்ப்பார். அத்தனையும் வார்த்தை பிசகாமல் மதில் தாண்டி எனக்கு வந்துவிடும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. ஓசியில் கிடைக்கும் வேடிக்கையை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

ரிக்கில் இருந்தவர்களுக்குச் சத்தம் நின்றால் பயம். பிட் உள்ளே சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அதனாலோ என்னவோ, பூங்கா அமைதியாக இருப்பது கைலாசத்துக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தின் சார்பில் ஒரு ஒலிபெருக்கி வாங்கி வேப்பமரத்தில் கட்டினார். கையைத் தூக்கு, இறக்கு என்று அதற்குள்ளிருந்து ஓர் ஆள் தினமும் எங்களை அதட்டினான். சத்தம் போதவில்லை என்று மாதம் ஒருமுறை கைலாசம் திருகி ஏற்றினார். குருவிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயின. எங்களுக்கு போண்டா இருந்ததால் நாங்கள் போகவில்லை.

மார்கழி பிறந்த வாரத்தில் ரோஷன் பீவி கைலாசத்திடம் நேராக வந்தார். கடைவீதியில் நைட்டிக் கடை வைத்திருப்பவர். அதிகாலைத் தொழுகை முடித்து வந்து, மூன்று சுற்று நடந்து, மூலையில் இருக்கும் மரமல்லிக்கு அடியில் தனியாக உட்கார்ந்துவிட்டுப் போவார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டும் குரல் என்பதால் கைலாசத்துக்கு நன்றாகவே கேட்டது.

“ஏனுங்கண்ணா, அந்த ரேடியோவ ஒரு அரமணி நேரம் நிறுத்திப் போடுங்க. பூ உழுவுற சத்தம் கேக்க மாட்டீங்குது.”

“பூ உழுந்தாச் சத்தம் வேற வருமாக்கு?”

“வருமுங்க. நீளக் காம்புப் பூவுங்கல்ல, சுத்திக்கிட்டே வந்து சருகு மேல உழுவும். காதுக்காரர்னு சொன்னாங்க, உங்களுக்குக் கேட்டதில்லீங்களா?”

கைலாசம் ஒரு கணம் முழித்தார். “எனக்குக் கேக்காம யாருக்குக் கேக்கும்? தெனமுந்தான் கேக்குது” என்றார்.

“அப்படின்னா நாளைக்கு ரேடியோவ நிறுத்திப்போட்டு எல்லாருமே கேட்டர்லாமுங்க” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். கெட்ட புத்திதான்.

மறுநாள் முப்பது பேர் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு மரமல்லியைச் சுற்றி அண்ணாந்து நின்றோம். ஒலிபெருக்கி ஊமையாகத் தொங்கியது. பனியில் எதிர் மூலை விளக்கு மங்கலாகத் தெரிந்தது. லாரி வாடகையும் முட்டை விலையும் யாரும் பேசாத ஒரு காலையை அந்தப் பூங்கா அன்றுதான் பார்த்தது. தரையெல்லாம் வெள்ளைப் பூ. ஆறு வருசமாக அதை மிதித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். அந்த வாசனையை அன்றைக்குத்தான் மூக்கு கண்டது. அழகாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

முதல் பூ சுற்றிக்கொண்டே வந்து சருகின் மேல் விழுந்தது. சின்னச் சத்தம், தெளிவான சத்தம். இருபத்தொன்பது தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. கைலாசம் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “ம், கேட்டுது” என்றார். இரண்டாவது அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அதற்கும் எங்களைப் பார்த்துத்தான் தலையாட்டினார். மூன்றாவது பூ அவருடைய கம்பளிக் குல்லாவிலேயே வந்து உட்கார்ந்தது. ஒரு சத்தமும் இல்லை.

“ஆங், இது நல்லாக் கேட்டுது!” என்றார் கைலாசம்.

சிரிக்கத்தான் நான் வந்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. பிட் சிக்கிக்கொண்டபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

“ஆமாங்கண்ணா, நல்ல சத்தம்” என்றார் ரோஷன் பீவி. அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

கைலாசம் குல்லாவைக் கழற்றி, பூவை எடுத்துப் பார்த்தார். பிறகு போண்டாவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போய் வழக்கம்போல மதிலோரம் நின்றுகொண்டேன். பாத்திரம் தேய்த்தபடி சென்னியம்மாள் கைலாசத்தின் தாத்தா வரைக்கும் வந்துவிட்டிருந்தார். கைலாசம் சுற்றிப் போய் மனைவிக்கு எதிரே குத்தவைத்து, அவர் வாயையே பார்த்தார்.

“ஏம்புள்ள, இப்ப நீ பேசிட்டிருக்கறயா?”

சென்னியம்மாள் குழாயை நிறுத்தினார். “அஞ்சு வருசமாப் பேசிட்டுத்தான இருக்கறேன்!”

“கேக்குல புள்ள. இன்னொருக்காச் சொல்லு.”

சென்னியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னார். கைலாசம் தலையாட்டினார். மதிலோரம் நின்ற எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.