கண் மூடாத மாமா

என் அம்மாவின் தம்பி ஒரு நடிகர் என்று நான் முடிவு கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. சினிமா நடிகர் இல்லை. உடம்புக்கு ஏலாததுபோல நடிக்கிறவர்.

சந்தேகப்படுவதில் எனக்கு அந்த வயதிலேயே தனித் திறமை இருந்தது. படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். கவலைப்படுவதை மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் தரிப்பிடத்தில் இருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடிய நாட்கள் எத்தனையோ. அப்போது என் கவலையெல்லாம் மாமாவைப் பற்றியது. வில்லாவுட் தடுப்பு முகாமில் பல மாதங்கள் இருந்துவிட்டு, மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுக்க வந்திருந்தார். இந்த நாட்டுக்குப் படகில் அகதியாக வந்ததால் அங்கே வைத்திருந்தார்கள் என்று அம்மா சொன்னார். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளோ, கூடாத ஆட்களைத்தான் அங்கே பூட்டி வைப்பார்கள் என்றாள். அவள் சொன்னதைத்தான் நான் நம்பினேன். அம்மா தன் தம்பிக்காகப் பொய் சொல்லலாம். அவளுக்கு என்ன தேவை? தவிரவும், மாமா தூங்கி நான் கண்டதே இல்லை. நல்ல ஆட்கள் தூங்குவார்கள் அல்லவா?

போதாக்குறைக்கு, அம்மா தொலைபேசியில் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது.

"தற்காலிக விசாதான் அக்கா. ஒரு சின்ன முறைப்பாடு போனாலும் திருப்பி உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்."

மாமாவைப் பிடிக்க வரும் போலீஸ் எங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் என்பதை நானாகக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலைகளில் அம்மா யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கினார். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். அப்பா சனிக்கிழமையும் டெலிவரி வான் ஓட்டினார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன். மாமாவை, "தனியப் போக வெக்கமா இருக்கடா, துணைக்கு வா" என்று சொல்லி அம்மா கிளப்பினார்.

சொல்லிக்கொடுத்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அன்ரி ஒருவர். அவருடைய வகுப்பில் இரண்டு பேர் ஒரே மாதிரி நின்று நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பருத்த உடம்பு. குனிந்தால் வயிறு இடிக்கும். அவருக்குக் கதிரை. அதில் இருந்தபடியே கால்களை அகட்டி, நடுவில் வயிற்றுக்கு இடம் விட்டுக் குனிய வேண்டும். இன்னொருவர் சென்னைக்காரர், நான் மனதுக்குள் நெட்டை அங்கிள் என்று வைத்திருந்தேன். நீளக் கால், கட்டைக் கை. குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. அன்ரி அவருடைய பாதத்தில் ஒரு பட்டியை மாட்டி, நுனியைக் கையில் கொடுத்தார்.

"என்ன மேடம், மாட்டுக்குக் கயிறு கட்டுற மாதிரி கட்டுறீங்க?"

"மாடு இவ்வளவு பேசாது அண்ணா. முதுகை வளைக்காம இழுங்க."

அம்மா கதிரை ஆடச் சிரித்தார்.

இதெல்லாம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கொடுத்த சலுகைக்குக் காரணம் கண் முன்னாலேயே தெரிந்தது. மாமா விஷயத்தில்தான் இடித்தது. அவர் ஈர்க்கில் மாதிரி இருந்தார். முதல் நாள் குனிந்தபோது இரண்டு உள்ளங்கைகளும் தரையில் முழுதாகப் பதிந்தன. அப்படிப்பட்டவருக்குத்தான் அன்ரி எல்லாரையும்விட அதிகம் விட்டுக்கொடுத்தார். குப்புறப் படுக்கிற ஆசனம் வந்தால் மாமா சுவரில் கை ஊன்றி நின்றால் போதும். கைகளைப் பின்னால் கோர்க்கச் சொன்னால் அவர் முன்னால் கோர்க்கலாம். கடைசியில் எல்லாரும் மல்லாந்து கண்ணை மூடிக் கிடக்கும்போது, அவர் மட்டும் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி இருப்பார். மற்றவர்களை அன்ரி பின்னால் வந்து பிடித்துத் திருத்துவார். மாமாவிடம் மட்டும் முன்பக்கமாக வந்து, "தம்பி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நெருங்குவார்.

மாமாவின் கண் திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. நானும் மூடியதில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கதவை. கதவடியில்தான் எல்லாருடைய கைப்பைகளும் இருந்தன. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

காரில் போகும்போது கேட்டே விட்டேன்.

"மாமாவுக்கு மட்டும் ஏன் லேசானது?"

"அவனுக்கு அதுகள் ஏலாது பிள்ளை."

"ஏன்? அவர் ஒல்லிதானே?"

"வாயை மூடிக்கொண்டு இரு."

முன்சீற்றில் இருந்த மாமா திரும்பவே இல்லை. குற்றம் செய்தவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை யாரோ முதல்நாள் விழாவுக்குப் போட்ட மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மாமாவுக்குச் சுவர் கிடைக்கவில்லை; நடுவில் இருந்தார். எல்லாரும் படுத்த பிறகு, சோதித்துப் பார்ப்பது என்று நான் முடிவு செய்தேன். உண்மையான நோவு என்றால் தொட்டால் கத்துவார்; கத்தாவிட்டால் கள்ளம். தவழ்ந்து அவர் முதுகுப்பக்கம் போய், இரண்டு தோள்களையும் பிடித்து அமுக்கினேன்.

மாமா கத்தவில்லை. என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது; அடுத்த கணம் நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். மற்றக் கை குத்தப் பொத்தியபடி மேலே நின்றது. கீழே வரவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னை அப்போது தெரியவில்லை. பிறகு, நெருப்பைத் தொட்டவர்போலக் கையை விட்டுவிட்டு, வெறுங்காலோடு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்.

"ஏம்மா, அடிச்சாரா?" நெட்டை அங்கிள் என்னைத் தூக்கி நிறுத்தினார். "மேடம், குழந்தைங்க வர்ற இடம். இதைச் சும்மா விடக் கூடாது. கம்ப்ளெயின்ட் குடுத்தே ஆகணும்."

அம்மா கதிரையில் இருந்து எழுந்து நின்றார். என்னையே பார்த்தார். நாலு விரல் சிவப்பாகப் பதிந்திருந்த கையை நான் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இல்லை. நான்தான் தடக்கி விழுந்தனான்."

பாசத்தால் சொன்னதல்ல. கம்ப்ளெயின்ட் என்றால் அம்மா தொலைபேசியில் சொன்ன முறைப்பாடுதான்; அந்தச் சொல்லைக் கேட்டதும் போலீஸ் வான் ஒன்றும், அதற்குள் அப்பாவும் அம்மாவும் நானும் வரிசையாக இருப்பதும் என் கண்ணுக்குத் தெரிந்தன.

ஊரில் இராணுவம் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய், கைகளைப் பின்னால் கட்டிக் குப்புறப் போட்டு வைத்திருந்த கதையை, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னார். அன்ரிக்கு மட்டும் முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

நான் விழுந்த அடுத்த சனிக்கிழமை மாமா வரமாட்டேன் என்றார். "நீ வராட்டி நானும் போகேல்லை" என்று அம்மா குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து மாமா சப்பாத்தைக் காலில் மாட்டினார்.

மண்டபத்துக்குள் நுழைந்தால், பாய்கள் எல்லாம் நாலு சுவரோரமும் விரித்துக் கிடந்தன. எல்லார் முதுகும் சுவருக்கு. யாருக்குப் பின்னாலும் யாரும் இல்லை.

"என்ன மேடம், கல்யாணப் பந்தியா?" என்றார் நெட்டை அங்கிள்.

"ஆமா. உட்காருங்க, இலை போடச் சொல்றேன்."

நெட்டை அங்கிள் மாமாவை ஒருதரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மாமாவுக்குப் பக்கத்துப் பாயிலேயே போய் இருந்தார்.

கடைசியில் அன்ரி, "இன்னிக்கு யாரும் படுக்க வேண்டாம். சாஞ்சுக்கோங்க. கண்ணை மூடறது உங்க இஷ்டம்" என்றார். கொஞ்ச நேரத்தில் நெட்டை அங்கிள் குறட்டை விட்டார். மாமா கதவைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இமை விழுந்தது, திடுக்கிட்டுத் திறந்தது, மறுபடி விழுந்தது. பிறகு திறக்கவே இல்லை. வாய் சற்றுத் திறந்தது, முழங்காலில் இருந்த கை வழுகிப் பாயில் விழுந்தது. நேரம் முடிந்தும் அன்ரி வகுப்பு முடிக்கும் மணியை அடிக்கவில்லை. உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அப்படியே இருக்கச் சொன்னார்.

எனக்குத் தேவையான சாட்சி கிடைத்துவிட்டது. தவழ்ந்து அம்மாவின் கதிரையடிக்குப் போய் அவர் காதுக்குள் சொன்னேன்.

"பாத்தீங்களே அம்மா? அவருக்கு ஏலும். இவ்வளவு நாளும் நடிச்சவர்."

அம்மா டீசேர்ட்டின் கழுத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பி ஏமாற்றியது தெரியவந்துதான் அழுகிறார் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவர் முழங்காலைத் தடவிவிட்டேன்.

"பரவாயில்லை அம்மா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."