தெரிந்தே அடித்த மணி

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியில் மணியடிப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் மணி மாமா. அலுவலக வாசலில் ஒரு சிவப்புப் பொத்தான்; அழுத்தினால் மூன்று மாடிக்கும் காது கிழியும். கடிகாரம் பொய் சொன்னாலும் மணி மாமா பொய் சொல்லமாட்டார் என்று ஆசிரியைகள் சொல்லும்போது அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அவர் மகளும் அங்கேதான் படித்தாள். முதல் வகுப்பிலிருந்தே மணியடித்தால் மேசைக்கடியில் புகுந்துகொள்வாள். சட்டைக் கழுத்து முள்ளாகக் குத்துகிறது என்பாள். சீப்பை எடுத்தாலே அலறுவாள். செல்லம் கொடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டீர்கள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவரும் நம்பினார். ஒருநாள் பள்ளிக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், மனைவி அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள, வலுக்கட்டாயமாகத் தலை சீவி, முதுகில் இரண்டு போடும் போட்டார்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். செருப்புச் சத்தம்கூட வராமல் நடக்கிற ஒல்லியான பெண். இரண்டு மாதம் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பிறகு மணி மாமாவையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க பொண்ணு அடம்பிடிக்கலீங்க. நமக்குச் சத்தமா கேக்கறது அவளுக்கு வலியா இருக்கு. சட்டையும் அப்படித்தான், சீப்பும் அப்படித்தான். கண்ணு, காது, தோலு சொல்ற சேதிய அவ மூளை வேற மாதிரி வாங்கிக்குது."

"அப்போ, நான் அவள அடிச்சது?" என்று கேட்டார் மணி மாமா.

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினார். "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார்.

மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

ஆய்வுக்காக ஒரு வருஷம் மணி நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் மணி மாமா மாடி மாடியாக ஏறி, வகுப்பு வாசலில் ஒரு பச்சை அட்டையைக் காட்டவேண்டும். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"என்ன மாமா, ஊமை மணியாயிட்டீங்களே!" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடித்தார்.

"அடிக்காம இருக்கறதுக்குத்தான் சார் இங்க உழைப்பு ஜாஸ்தி" என்று மூச்சிரைக்கச் சிரித்தார் அவர்.

மகள் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார ஒரு தோழியும் கிடைத்தாள். ஒரு சாயங்காலம், "எங்க டீச்சர் குரல் நல்லா இருக்குப்பா. இப்பத்தான் கேக்குது" என்றாள்.

வருஷம் முடிந்தது. ஆய்வாளர் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தினார். காதில் இரைச்சலைப் போட்டுவிட்டுக் கூட்டல் கணக்குச் செய்யச் சொன்னார். தப்புத்தப்பாகப் போட்டுச் சிரித்தார்கள், கைதட்டினார்கள், கலைந்தார்கள்.

மறுவாரமே தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டார். "மணி இல்லாம ஒழுங்கே போச்சு. நாளையிலருந்து பழையபடி அடிங்க."

"அம்மா, எம் பொண்ணு..."

"ஒருத்திக்காக எழுநூறு பேரை விட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

வெளியே வந்ததும் ஆய்வாளருக்குப் போன் போட்டார்.

"அறிக்கையில எழுதியிருக்கேங்க. கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் அவர்.

மகளிடம் சொல்ல அன்றிரவு இரண்டு முறை வாயெடுத்தார். சொல்லவில்லை. காலையில் பொத்தானை அழுத்தினார். மாடிப்படியில் உருண்டும் விழுந்தும் மகள் இறங்கி வந்தாள். காதைப் பொத்திய கைகளோடு அவர் எதிரில் நின்றாள்.

"தெரிஞ்சுமாப்பா அடிச்சே?"

அதோடு அவள் பள்ளிக்கு வரவில்லை. வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேயும் மணி இருந்தது; பத்து நாள் தாங்கவில்லை. மணி மாமா கல்வி இலாகாவின் காகிதக் கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். காலம் கடந்த காரியம். தோழி சில மாதம் வீட்டுக்கு வந்துபோனாள், பிறகு அவளும் நின்றுவிட்டாள்.

இப்போது மகளுக்குப் பதினேழு வயது. தேவையானதை அம்மாவிடம் சொல்வாள். அவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள்.

ஆய்வாளர் கேட்டுக்கொண்டதால், வருஷத்துக்கொருமுறை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார். எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். கடைசியில் யாராவது, "இப்ப உங்க பொண்ணு எப்படி இருக்காங்கய்யா?" என்று கேட்பார்கள்.

"வீட்ல இருக்கா" என்பார் அவர்.

வேறு கேள்வி இருக்கிறதா என்று ஆய்வாளர் கேட்பார். இருக்காது.