கதவடியில் ஒரு வெயில் கோடு

"பேய்க்குத் தாகம் எடுக்குமா மாமா?"

என் தங்கை மகள் ஆறு வயதில் இப்படிக் கேட்டாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. கையில் எடுத்த தண்ணீர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் கடவுளுக்குப் பயந்தவன். கோயில் வாசலில் நின்று சொல்லச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. பேய் என்றதும் நடுராத்திரியை நினைப்பீர்கள். எனக்கு நடந்தது உச்சி வெயிலில்.

1957, மார்ச் மாதம். புதுச்சேரியில் கொடி மாறி மூன்றாவது வருஷம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அரசாங்க ஆபீசில் தற்காலிக வேலை. மெட்ரிகுலேஷன் தேறினால் நிரந்தரம். தவறினால் அந்த வேலையும் இல்லை. வீட்டில் அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமையோடு மற்றப் பரீட்சைகள் முடிந்தன. ஆங்கில இலக்கியம் மட்டும் பாக்கி. நடுவில் ஒருநாள் விட்டு வரும் என்றார்கள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிகளில் வியாழக்கிழமை விடுமுறை. அன்றைக்குப் பரீட்சை வைக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமைதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தேதியைப் பார்க்கக்கூட இல்லை.

புதன் காலை ஆபீசுக்குப் போனேன். என்னோடு பரீட்சை எழுதும் இராமதாஸ், திண்டிவனத்துக்காரன், மேசைக்கடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா கலியபெருமாளு, நாளைக்குப் பரீட்சைய வச்சிக்கினு பைல் கட்டிக்கினு இருக்க?"

"நாளைக்கா? நாளைக்கு வியாழக்கிழமையாச்சே."

அவன் சிரித்த சிரிப்பில் பியூனே திரும்பிப் பார்த்தான். "வெள்ளக்காரன் கப்பல் ஏறிட்டாம்ப்பா. நீ இன்னும் அவனோட லீவ மட்டும் வச்சிக்கினு இருக்கியா? பரீட்ச வைக்கிற மெட்ராஸ்காரனுக்கு வியாழனும் ஒண்ணுதான், வெள்ளியும் ஒண்ணுதான்."

பாதிப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் பிள்ளைக்குக் காதுகுத்து, ஊரே கூடியிருந்தது. ஆபீசில் லீவு கேட்டுக்கொண்டு துணிக்கடை அப்துல் கையூம் பாயிடம் ஓடினேன். அப்பாவின் பழைய சிநேகிதர்.

"கடைக்கு மேல ரூமு சும்மாதான் கெடக்கு தம்பி. போய்ப் படி. ஒரு ஈ காக்கா வராது." சாவியைக் கொடுத்தவர் ஒரு நொடி என் கையை விடவில்லை. "உள்கதவு ஒண்ணு பூட்டியிருக்கும். அந்தப் பக்கம் மட்டும் போவாத."

உள்ளே சரக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விநாயகரை நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன். கையில் புத்தகம், ஒரு கூஜா தண்ணீர், பீங்கான் தட்டில் இரண்டு துண்டு ரொட்டி. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கீழே கடைகளின் பலகைகளை மூடினார்கள். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் பழக்கிய மத்தியானத் தூக்கம் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. மூன்று மணி வரை தெருவில் ஆள் இருக்காது.

அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. சுவரில் அந்த உள்கதவு. துருப்பிடித்த பூட்டு. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக வெயில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. காற்றும் வந்தது.

பூட்டிய அறைக்குள் இத்தனை வெயிலா... என்று தோன்றியது. படிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

வாய்விட்டுப் படித்தேன். ஒரு கதை, இரண்டு பாட்டு முடித்தேன். மூன்றாவது நீளப் பாட்டு. மழைக்காகக் காத்திருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றியது. இதை விட்டுவிடலாம் என்று நினைத்து ஒரே தடவை படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

"இன்னொரு தரம் படிங்கண்ணே."

கதவுக்குப் பின்னாலிருந்து. சின்ன வயசுக் குரல். வறண்டு போன குரல்.

பாய் யாரையோ குடி வைத்திருக்கிறார், சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "நீயும் படிக்கிறியா தம்பி?" என்றேன்.

"ஆமாண்ணே. அந்த மழைப் பாட்டு... இன்னொரு தரம்."

எனக்கு நேரமில்லை. ஆனாலும் கேட்ட விதம் மனசைத் தொட்டது. படித்தேன். முடித்ததும் மறுபடி, "இன்னொரு தரம்." நாலைந்து முறை படித்திருப்பேன். கடைசியில் புத்தகம் பார்க்காமலே வந்தது.

பிறகு ஒரு இருமல். "தண்ணி இருக்கா?"

ரொட்டியை எடுத்துவிட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றினேன். தளும்பாமல் கதவடியில் தள்ளினேன். அப்போதுதான் பார்த்தேன். வெயில் கோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. இரண்டு பாதங்கள் நிற்பது போல.

தட்டு உள்ளே போயிற்று. மடக்... மடக்...

திரும்பி வந்தது. ஒரு சொட்டு இல்லை. எடுத்தேன். சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கியது போல.

"இன்னும்."

ஊற்றினேன். மூன்றாம் தட்டோடு கூஜா காலி.

"தீந்துபோச்சு தம்பி. நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் கொண்டாறேன்."

பிறகு மெல்ல...

"வியாழக்கிழமைன்னு எனக்கும் யாரும் சொல்லலண்ணே."

நான் அவனிடம் கிழமையைச் சொல்லவே இல்லை.

"பூட்டத் திறங்களேன்."

பூட்டு ஆடியது.

டக்.

டக்... டக்...

புத்தகம் மட்டும் கையில் இருந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அன்று வீட்டில் ஒரு எழுத்தும் படிக்கவில்லை. மறுநாள் கேள்வித்தாளைப் பிரித்தேன். பெரிய கேள்வி, அந்த மழைப் பாட்டு. கண்ணை மூடினால் வரி வரியாக வந்தது. அந்த வறண்ட குரலும் கூடவே வந்தது. எழுதிக்கொண்டே போனேன்.

மூன்று மணிக்குக் கடை திறந்ததும் பாயிடம் சாவியைக் கொடுத்தேன்.

"கூஜா மேலயே இருக்கு பாய். பக்கத்து ரூம்ல இருக்கற பையனுக்குத் தண்ணி கொடுத்தேன்..."

துணி அளந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. "எந்த ரூம்ல?"

பதில் சொல்வதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின் சந்துக்கு வந்தார். மேலே காட்டினார்.

மாடிச் சுவர். அதில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் அறை இல்லை. தரை இல்லை. கைப்பிடிச் சுவர்கூட இல்லை. வெறும் வெயில். கீழே செங்கல் குவியல், எருக்கஞ்செடி.

"புயல்ல விழுந்துது. நாலு வருஷம் ஆவுது," என்றார் பாய்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பூட்டை நான் திறந்திருந்தால்...

செங்கல் மேல் உட்கார்ந்து பாய் சொன்னார். புயலுக்கு முன்னால், இடிந்துபோன அந்த அறையில் அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன் தங்கியிருந்தான். ராமலிங்கம். எங்கள் மாதிரி பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். கடலூரில் போய் மெட்ரிக் எழுதிக்கொண்டிருந்தான். நடுவில் விஷக்காய்ச்சல் வந்தது.

"வியாழக்கிழம லீவுன்னு அவனும் நெனச்சிக்கினு இருந்தான் தம்பி. பொதங்கிழம மத்தியானம்தான் சேதி வந்துது. போவணும், போவணும்னு எழுந்து நிக்கிறான். காய்ச்சல்ல தண்ணி குடிச்சா ஜன்னி வந்துடும்னாரு வைத்தியரு. கொழாயடிக்கு ஓடிடுவான்னு நான்தான் பூட்டினேன். தட்டிக்கினே இருந்தான். தண்ணி, தண்ணின்னு... நல்லதுக்குன்னுதான் கொடுக்கல."

அவர் தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு மணிக்குக் கடை தொறக்கறப்ப, தட்டுறது நின்னுபோச்சு."

அவர் தோளில் கை வைத்தேன். பல வருஷமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

பரீட்சையில் தேறினேன். வேலை நிலைத்தது. தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த ஒரு பாட்டுக்குக் கிடைத்த மார்க் இல்லையென்றால் தவறியிருப்பேன். தாகத்தில் கிடந்தவனுக்கு மூன்று தட்டுத் தண்ணீர். நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன வார்த்தை பாக்கி இருந்தது. பயத்தில் நான் போகவில்லை.

முடிவு வந்த வாரம், புதன்கிழமை மத்தியானம் போனேன். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. வாயகன்ற மண்சட்டியில் நிறையத் தண்ணீர் எடுத்துப்போய் அந்தக் கதவுக்கு நேர் கீழே, செங்கல் மேல் வைத்தேன். திரும்பி நின்று மழைப் பாட்டை மெதுவாகச் சொன்னேன்.

குரல் எதுவும் வரவில்லை. காற்றுகூட இல்லை.

குனிந்து பார்த்தேன். சட்டியில் ஈரம் மட்டும் இருந்தது. தொட்டேன். இந்தத் தடவை சுடவில்லை... குளிர்ந்திருந்தது.

யாரும் கேட்கவில்லை. நானாகவே இன்னொரு தரம் சொன்னேன்.