மீதி ஒரு விசில்

டிப்போவில் அவனுக்குப் பேர் கதவு. ஆள் அகலத்தைப் பார்த்து வைத்த பேர் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். உண்மை அதுவல்ல. கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றால், வருகிற பந்துக்கெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவான். பகலில் பஸ் ஓட்டுவான், சாயங்காலம் டிப்போ அணிக்குக் கோல்கீப்பர். இரண்டு இடத்திலும் அவனை மேய்க்கிற ஆள் ஒருத்தர்தான். பெண்டாட்டியின் அண்ணன்.

மச்சான் அதே பஸ்ஸில் கண்டக்டர். பந்தை வாழ்நாளில் காலால் தொட்டவரில்லை. ஒருமுறை காலடிக்கு உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, "யாருதுப்பா இது?" என்று கேட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அணிக்குத் தலைமைக் கோச் ஆனது ஒரு தனிக் கூத்து. டிப்போ அணி தோற்பதையே தொழிலாக வைத்திருந்த காலம். மச்சான் மைதான ஓரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். உள்ளே மொத்த அணியும் பந்தைச் சுற்றி ஒரே கொத்தாக முண்டிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி பொறுக்குமா?

"என்னய்யா, எல்லாரும் படியிலயே தொங்குறீங்க? நடுவுல இவ்ளோ எடம் காலியா கெடக்கு! உள்ள போ, உள்ள போ! நீ பின்னாடி நகரு!"

எல்லாரும் பஸ்காரர்கள். பழக்கத்தில் நகர்ந்துவிட்டார்கள். திறந்த இடத்தில் பந்து ஜோராக ஓடிப் போய் கோலுக்குள் விழுந்தது. எப்படி விழுந்தது என்று ஒருத்தனுக்கும் புரியவில்லை. அன்றைக்கே அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கோச் ஆக்கினார்கள். அதற்கப்புறம் அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பஸ் பாடம்தான். எதிராளி பந்தோடு வந்தால், "எறங்குறவங்களுக்கு வழி விட்டுட்டு அப்புறம் ஏறு." பந்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தால், "சில்லறை இருந்தா நீட்டு, இல்லன்னா பக்கத்துல குடு." அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஜெயித்து ஜெயித்து இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது.

மச்சானைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தங்கச்சி கல்யாணப் படத்தில்கூட, டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வையோடுதான் நிற்கிறார். இன்னொன்று, கழுத்து விசில். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும். இரண்டு அடித்தால் கிளம்பும். அந்தச் சத்தம் டிரைவருக்குக் காது வழியாக நேரே காலுக்கு இறங்கும். மூளைக்கு அதில் வேலையே கிடையாது.

இறுதிப் போட்டி மின்சார ஆபீஸ் அணியோடு. ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடிகிற நேரம். ஓவர்டேக் பந்தோடு பாய்ந்தான். ஓவர்டேக் என்பவன் இளவட்ட டிரைவர். டிப்போ வாசலுக்குள்ளேயே முன்னால் போகிற வண்டியைப் பொறுக்காதவன். இரண்டு பேரைத் தாண்டினான். அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் வழுக்கி எங்கேயோ போய் விழுந்து கிடந்தான். கோல் வாய் பிளந்து காலியாகக் கிடந்தது.

"பீப்!"

ஒரே ஒரு விசில்.

ஓவர்டேக் நின்றான். பந்தின் மேல் ஒரு காலை வைத்தபடி, சிவப்பு விளக்கைப் பார்த்தவன் போல நின்றான். மொத்த அணியும் நின்றது. இந்தக் கோடியில் கதவு, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் அழுத்தி நின்றான். மின்சாரக்காரர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தன் ஓவர்டேக்கிடம் வந்து, "சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க," என்றான். இவனும் தூக்கினான்! அவன் பந்தைத் தள்ளிக்கொண்டே வந்து, கதவைச் சுற்றி, உள்ளே போட்டுவிட்டு, கதவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

"நான் ஊதல. ஊதினது உங்காளு," என்று கையை விரித்துவிட்டார் நடுவர்.

எல்லாரும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டோரமாக ஒரு செவலை நாய் போய்க்கொண்டிருந்தது. ஆக, நாய்க்காக ஊதியிருக்கிறார் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். மச்சான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எனக்கு இனிமே இது வேணாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்கூட ஏறாமல் நடந்தே போய்விட்டார்.

அதற்கப்புறம் டைம்கீப்பர் கோச்சானார். டிப்போவில் எந்த வண்டிக்கு எந்த ஆள், எந்த நேரம் என்று வகுக்கிறவர். விளையாட்டையும் வகுத்தார். யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று பிசகில்லாமல் சொன்னார். பசங்களும் பிசகில்லாமல் போய் நின்றார்கள். பந்துதான் லேட். அணி பழைய தொழிலுக்கே திரும்பியது.

ஓய்வு அறையில் டீயும் பன்னும் போகிற வேகத்தில் பேச்சும் போனது.

"கூப்பிடுங்கப்பா அவரை. மனுஷன் ஒரு தடவை தப்பு பண்ணக் கூடாதா?" என்றார் பிரேக் மெக்கானிக்.

"பண்ணலாம்ணே. உங்க கோல்ல பண்ணச் சொல்லுங்க," என்றான் ஓவர்டேக். "காலி கோலுண்ணே! எங்கம்மா வந்து தட்டினாலும் உள்ள போயிருக்கும். நாய்க்கு எடம் குடுத்தாரு, எனக்குக் குடுக்கல. அவரு வந்தா நான் பூட்ஸைக் கழட்டிடுவேன்."

அவன் அப்படி ஒற்றைக் காலில் நின்றதால் பேச்சு மேலே நகரவில்லை. பட்ட காயம் அவனுடையது. மற்றவர்கள் எப்படி மன்னிக்க?

கதவு டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் கவலை வேறு. மச்சான் பஸ்ஸிலும் பேச்சை நிறுத்திவிட்டார். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் விசில் மட்டும்தான். ஒன்று, நில். இரண்டு, போ. முன்பெல்லாம், "மாப்ள, பள்ளம் வருது, என் கிட்னியை வீட்டுல கேப்பாங்க," என்று கத்துகிற ஆள். அது போதாதென்று, வேறு வண்டிக்கு மாற்றச் சொல்லி டைம்கீப்பரிடம் கேட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து மாற்றம்.

"ஏங்க, எங்கண்ணன் வேற வண்டிக்குப் போறாராமே?" என்றாள் பெண்டாட்டி, அவன் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டே.

"போகட்டும்."

"போகட்டுமா? நீங்க பிரேக் போடுற அழகுக்கு வேற எந்த மனுஷன் பின்னாடி நிப்பான்?"

"அவருதான் பேச மாட்டேங்குறாரு. விசில்தான் அடிக்குறாரு."

"நீங்க ஹாரனாவது அடிச்சீங்களா?"

 கண்ணாடியில் அந்தக் கடுகடுத்த மூஞ்சி தெரிந்தால்தான் அவனுக்கு வண்டி நேராக ஓடும். இதை எந்த மச்சானிடம் எந்த வாயால் போய்ச் சொல்வது?

கதவும் மச்சானும் ஒரே வண்டியில் போகிற கடைசி நாளில் டிப்போ அணிக்கு ஒரு ஆட்டமும் இருந்தது. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே மைதானம். அங்கே வண்டியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, கதவு நேரே கோலுக்குப் போக வேண்டியதுதான். ஆகையால் மொத்த அணியும் அதே பஸ்ஸில் ஏறியது. பையும் பூட்ஸும், துவைக்காத சாக்ஸின் வாசமுமாக வண்டி நிறைந்தது. டைம்கீப்பர் முன் சீட்டில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார்.

ஏறின உடனேயே ஆரம்பித்துவிட்டார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் இடித்துக்கொண்டு நடுவிலேயே போய்வருகிறார் என்கிற கூச்சமே இல்லை.

"இன்னொரு சான்ஸ் குடுத்தா என்னடா?" என்றார் மெக்கானிக்.

"குடுங்கண்ணே. இன்னிக்கு நாய். நாளைக்குப் பூனை வரும். அடுத்த நாளு காக்கா ஒக்காந்திருக்குன்னு ஊதுவாரு," என்றான் ஓவர்டேக்.

மச்சான் அவன் முன்னால் வந்து நின்றார். "பாஸைக் காட்டு."

"அண்ணே, நான் நம்ம ஸ்டாஃபு!"

"ஸ்டாஃபுன்னா பாஸ் இருக்கும். காட்டு."

மடியில் பூந்தொட்டி வைத்திருந்த ஒரு அம்மா இதையெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். "யாரைப்பா இப்படிக் காய்ச்சுறீங்க?" என்றார். மெக்கானிக் ஆதியோடந்தமாகச் சொன்னார்.

"இதுக்கு ஏன் உங்களுக்குள்ள அடிச்சுக்கறீங்க? அந்தாளையே கேக்கறது!"

"அந்தாளுதாம்மா உங்க பக்கத்துல நிக்கறாரு."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, நெசமாவே நாய்க்கா ஊதின?"

மச்சான் ஒரு விசில் அடித்தார். நிறுத்தம் வந்திருந்தது. வண்டி நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கதவு கண்ணாடியில் பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம்தான், அப்புறம் அந்த மூஞ்சி வேறு ஒருவன் கண்ணாடிக்குப் போய்விடும். ஹாரனில் கையை வைத்து நீளமாக ஒரு அழுத்து அழுத்தினான். பஸ்ஸே அடங்கியது.

"மச்சான்! அன்னைக்கு என்னதான் ஆச்சு? சொல்லுங்க. சொல்லாம வண்டி நகராது."

"நேரமாகுது!" என்று துள்ளினார் டைம்கீப்பர்.

மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நாயும் இல்ல, பேயும் இல்ல. ரெண்டு ஊதத்தான் போனேன். போடா, போன்னு."

"அப்புறம்?"

"ஒண்ணு ஊதிட்டேன். கோலு காலியா கெடக்கு. இவன் பந்தோட சிங்கம் மாதிரி நிக்கறான். அதைப் பாத்தேனா... ரெண்டாவது ஊதறதுக்குள்ள..."

"ரெண்டாவது ஊதறதுக்குள்ள என்ன?"

"சிரிப்பு வந்துருச்சு."

மொத்த அணியும் அவர் பக்கம் திரும்பியது.

"சிரிச்ச வாயில விசில் நிக்குமா? விழுந்துருச்சு."

"நீங்களா?" என்றார் மெக்கானிக். "நீங்க சிரிச்சீங்க?"

"பாரு, இதான்! எவன் நம்புவான்? கோச்சு இளிச்சுத் தோத்தோம்னு சொல்றதுக்கு, நாய்க்காக நின்னோம்ங்கறது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"எங்க, ஒருக்கா சிரிச்சுக் காட்டு பாப்போம்," என்றார் பூந்தொட்டி அம்மா.

மச்சான் தப்பிக்கிற வழியாக விசிலை வாயில் வைத்தார். "பீப்!" கதவின் கை கியருக்குப் போனது. அதே நேரம் ஓவர்டேக், தன்னையறியாமல், ஒரு காலைத் தன் பையின் மேல் தூக்கி வைத்து, அன்றைக்கு நின்ற அதே நிலையில் நின்றான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

மச்சான் பார்த்தார். அவர் உதட்டோரம் ஒரு தரம் இழுத்தது. இன்னொரு தரம் இழுத்தது. விசில் நழுவிச் சட்டைப் பையில் மோதியது. அப்புறம் வந்தது பாருங்கள், அது சிரிப்பே இல்லை. குளிரில் கிடந்த பழைய டீசல் வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம். குர்ர், குர்ர் என்று இரண்டு தரம் இழுத்து, அடங்கி, திடீரென்று பற்றிக்கொண்டது. மனுஷன் கம்பியில் மடங்கித் தொங்கினார். கண்ணில் தண்ணீர். பஸ் மொத்தமும் குலுங்கியது. பூந்தொட்டி அம்மா சிரித்த சிரிப்பில் மண் பாதி மெக்கானிக் மடியில். கதவு பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தான்.

"எடுய்யா வண்டியை!" என்று கத்தினார் டைம்கீப்பர்.

"ஒண்ணுதான் சார் வந்திருக்கு. ஒண்ணுக்கு எடுத்தா ரூல்ஸ் மீறினதாயிடும்," என்றான் கதவு.

ரூல்ஸ் என்ற வார்த்தைக்கு மேல் டைம்கீப்பரால் வாய் திறக்க முடியாது. மச்சானோ விசிலை எடுக்கிறார், வாயில் வைக்கிறார், ஓவர்டேக்கைப் பார்க்கிறார், துப்பிவிடுகிறார். இரண்டாவது விசில் வருகிற வழியாக இல்லை. பின்னால் வரிசை கட்டிய வண்டிகள் ஹாரனைப் பிடித்துக்கொண்டன.

எல்லார் கண்ணும் ஓவர்டேக் மேல் திரும்பியது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப, நான் கோல் போடப்போறேன்னா நீங்க சிரிச்சீங்க?"

"பின்ன? நாய் போடப்போகுதுன்னா?"

அவன் பையிலிருந்து காலை எடுத்தான். மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டான். "காலி கோலுதானேண்ணே, எங்கம்மாகூடப் போடும்," என்று முனகினான். பிறகு இரண்டு விரலை மடித்து வாய்க்குள் விட்டு, கண்ணாடியெல்லாம் அதிர ஒரு விசில் அடித்தான்.

மீதி ஒரு விசில் வந்துவிட்டது. கதவின் கால் தானாகவே எழும்பியது. வண்டி கிளம்பியது. பஸ்ஸே கை தட்டியது.

மைதானத்தில் டைம்கீப்பர் தானாகவே ஒதுங்கி நின்றார். "நான் நேரத்தைப் பாத்துக்கறேன். நீ ஆளைப் பாத்துக்க," என்றார். கெட்டிக்காரத்தனமாக ஓவர்டேக் ஒரு நிபந்தனை போட்டான். மச்சானின் கழுத்து விசிலைக் கழற்றிக் கதவின் கழுத்தில் மாட்டினான். "ஆட்டம் முடியற வரைக்கும் இவன்கிட்ட இருக்கட்டும். இவன் கையில பந்தே நிக்காது, வாயில விசில் எங்க நிக்கப்போகுது?" மச்சான் கோட்டோரத்தில் நின்று, "படியில தொங்காத! உள்ள போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கதவு வழக்கம் போல இரண்டு பந்துக்கு வழி விட்டான். ஓவர்டேக் மூன்று போட்டான். ஒவ்வொன்றுக்கும் கோட்டோரத்தில் அந்த டீசல் வண்டி ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வாரமும் கண்ணாடியில் அதே மூஞ்சிதான். டைம்கீப்பர் மாற்றத்தை எடுத்துவிட்டார்.

"மாப்ள, பள்ளம் வருது!"

"தெரியுது மச்சான்."

"தெரிஞ்சே விட்டா எப்படிடா?"

ஒரு நிறுத்தத்தில் எல்லாரும் ஏறி முடித்தார்கள். "பீப்," என்று ஒன்று வந்தது. இரண்டாவது வரவில்லை; கண்ணாடியில் மச்சானின் உதட்டோரம் இழுத்துக்கொண்டிருந்தது. கதவு கியரில் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, அவசரப்படாமல் காத்திருந்தான்.