பார்வையாளர் நேரத்து நோ

என் ஊசியைப் பொய்யாக்கிய ஒரு பெண்மணியை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. காங்கேசன்துறைக்காரர். வெயிலில் கறுத்த சின்ன முகம். எதைக் கேட்டாலும் ஆஸ்பத்திரி வாட்டின் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார்.

காலையில் அவருக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரான நான், பிறகு வலி தெரியாதிருக்க, விலாப் பக்கத்து நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியையும் போட்டிருந்தேன். மதியம் அந்த இடத்தில் ஐஸ் வைத்துப் பார்த்தேன். குளிர்கூடத் தெரியவில்லை என்று சிரித்தார்.

மாலையில் தாதி ஓடிவந்தார். "டொக்டர், அந்த அக்கா நோவிலை துடிக்கிறா!"

விழுந்தடித்துக்கொண்டு போனேன். கணவரும் மாமியாரும் பார்த்து நிற்க, அவர் முனகிக்கொண்டிருந்தார். இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி ஐஸ் வைத்தேன். இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா விளையாட்டு இது?"

வாசலைப் பார்த்தார். "நோகேல்லை எண்டு சொன்னா, வீட்டை போன உடனை தண்ணி அள்ளச் சொல்லுவினம், பிள்ளை. நொந்தால்தான் படுக்க விடுவினம்."

வெளியே வந்தேன்.

"இப்ப நோ குறைஞ்சிட்டுதோ டொக்டர்?" என்றார் கணவர்.

எவ்வளவு கவனமாகப் போட்ட ஊசி! பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "கடும் நோ. ரண்டு மாதத்துக்குப் பாரமான வேலை ஒண்டும் செய்ய விடாதேங்கோ."

உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அதுவும் தேவைக்கு மிஞ்சித்தான்.