ஊரப்பாக்கத்தில் மழை 3.40க்கு

பக்தவத்சலத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ அவர் புகழ் பாட வந்திருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தெட்டு. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்; மனைவி இல்லை, மகள் சுஷ்மிதா செங்கல்பட்டில். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, மேலே பச்சை நிழல்வலை கட்டி, அதன்கீழ் நூற்றைம்பது தொட்டி வைத்திருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு வானத்தை அளக்க ஆரம்பித்தார். அளக்கட்டும், யார் வேண்டாம் என்றது. அதற்கு எங்களையும் இழுத்துக்கொண்டார்.

எங்களுடையது மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸப் குழு. கடற்கரையில் முட்டுக்காட்டிலிருந்து கடப்பாக்கம் வரை, உள்ளே மாம்பாக்கம், ஊரப்பாக்கம், செங்கல்பட்டு என்று இருபத்தாறு பேர். சித்திரையில் யார் வீட்டுத் தக்காளிப் பூ கருகியது, ஆடிக் காற்றில் எந்தப் பந்தல் சாய்ந்தது, கடப்பாக்கத்தில் உப்புக் காற்று என்றைக்கு அடங்கியது என்று அவரவர் ஊர் வானிலையைச் சொல்லிக்கொள்வோம். அட்மின் அவர். முந்தைய நாள் மழையைக் காலை எட்டரைக்குள் மில்லிமீட்டரில் போட வேண்டும். கூடவே முதல் தூறல் விழுந்த நேரத்தையும் போட வேண்டும். மாதக் கடைசியில் அட்டவணை வரும். போடாதவர் பெயருக்கு நேரே சிவப்புக் கட்டம்.

ஒருமுறை நான், "இங்கே நல்ல மழை" என்று போட்டேன். உடனே குரல் செய்தி வந்தது.

"நல்ல மழைன்னா இன்னாம்மா? எத்தினி மில்லிமீட்டரு? கல்யாண சாப்பாடா, நல்லா கீதுன்னு சொல்றதுக்கு?"

குழுவில் எல்லோர் காதிலும் விழுந்தது. அலுவலகத்தில் எனக்குக் கீழே ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் மாம்பாக்கம் வந்து நின்றார். கையில் மழைமானி. எல்லோருக்கும் அவரே வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் மாடியில் டேப் வைத்துச் சுவரிலிருந்து நாலடி அளந்தார். இடைஞ்சலாக இருந்த எலுமிச்சைத் தொட்டியைக் கேட்காமலே நகர்த்தினார். போகும்போது என் ரோஜாவைப் பார்த்து, "இது பத்து நாள்ல போய்டும்" என்றார். காபிகூடக் குடிக்கவில்லை. ரோஜா பத்தாம் நாள் போயிற்று. அதற்கும் சேர்த்துத்தான் அவரைப் பிடிக்காது.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்களுக்கு மழை கடலிலிருந்து வரும். முட்டுக்காட்டில் இறங்கினால் இருபது நிமிடத்தில் மாம்பாக்கம். அதற்குப் பிறகு அரை மணியில் ஊரப்பாக்கம். அதனால் கடலோரத்துக்காரர்கள் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது குழுவின் வழக்கம். மற்றவர்களுக்கு அது கொடியில் காயும் துணியை எடுக்கிற விஷயம். அவருக்கு அப்படியில்லை. காற்று வருவதற்குள் நிழல்வலையை அவிழ்க்காவிட்டால் வலை காற்றைப் பிடித்துக்கொண்டு குழாயோடு கிளம்பிவிடும். வலைக்குப் பதினாறு கயிறு. முட்டி தேய்ந்த மனிதர் ஸ்டூலில் ஏறி இறங்கி எல்லாவற்றையும் அவிழ்க்க இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். அதையும் அளந்து குழுவில் போட்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முட்டுக்காட்டிலிருந்து சொல்பவர் சைதூன். கோவளத்தில் கணவருக்குப் பாத்திரக் கடை. மாடி முழுக்க மிளகாய் போட்டிருக்கிறார். இந்த ஐப்பசியில் அவர் சொன்ன மழை இரண்டு முறை ஊரப்பாக்கம் வராமல் வேறு பக்கம் ஒதுங்கிவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனது. பக்தவத்சலம் பதினாறு கயிற்றையும் அவிழ்த்து, வெயிலில் நின்று, மறுபடி கட்டிவிட்டுக் கீழே வந்து பேசினார்.

"இன்னாம்மா, உன் வூட்டு டேங்கு ஒழுகறத பாத்து மழைன்னு போடறியா? மூணு வாட்டி என்னை மேல ஏத்தி எறக்கிட்ட. என் முட்டி இன்னா உங்க வூட்டு சொத்தா?"

"இங்க பேஞ்சது நெசம் அண்ணே. அங்க வர்றதும் வராததும் என் கைலயா கீது?" என்றார் சைதூன்.

பக்தவத்சலம் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

மறுநாளே சைதூன் இன்னொரு குழு ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எல்லோரும் சேர்ந்தோம். பக்தவத்சலத்தை யாரும் சேர்க்கவில்லை, அப்படி ஒரு குழு இருப்பதை அவரிடம் சொல்லவும் இல்லை. காலை அளவை மட்டும் பழைய குழுவில் போட்டு வந்தோம். பயமோ பழக்கமோ, தெரியாது. மழை வருகிறது என்ற செய்தியெல்லாம் புதிய குழுவுக்குப் போய்விட்டது. "கடலோரத்துல எல்லாம் தூங்கிகினு கீறீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். யாரும் பதில் போடவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் 2.50க்கு சைதூன் எழுதினார்: "காத்தோட வருது. பெருசு. வலை கட்டினவங்க அவுத்துடுங்க."

எங்களில் வலை கட்டியவர் ஒருவர்தான். அவர் அந்தக் குழுவில் இல்லை.

செய்தியை அழுத்திப் பிடித்தேன். யாருக்கு அனுப்ப என்று கேட்டது. அவர் பெயர் பட்டியலில் மேலேயே இருந்தது. சைதூனைப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது, என்னைப் பேசியதும் வந்தது. கிழியட்டும் அந்த வலை என்று நினைத்தேன். வலை கிழிவதைத்தான் நினைத்தேன், வேறெதையும் இல்லை. ஃபோனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் நாற்றுத் தட்டுகளைப் படிக்கட்டு ஓரம் நகர்த்தினேன். முதல் துளி விழுந்ததும் மணி பார்த்தேன்.

மறுநாள் எட்டு இருபதுக்கு வழக்கம்போலப் போட்டேன்: "மாம்பாக்கம் 54 மி.மீ., தொடக்கம் 3.12." எட்டரை தாண்டியும் ஊரப்பாக்கம் வரவில்லை. நான்கு வருடத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

பத்து மணிக்கு அவர் எண்ணிலிருந்து சுஷ்மிதா எழுதினாள். காற்று அடித்தபோது அப்பா ஸ்டூலில் நின்று ஒன்பதாவது கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாராம். குழாய் பெயர்ந்து அவரையும் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து செங்கல்பட்டில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அதன்கீழ், அப்பா போடச் சொன்னார் என்று ஒரு வரி: "ஊரப்பாக்கம் 61 மி.மீ., தொடக்கம் 3.40." பக்கத்து வீட்டுக்காரரை மாடிக்கு அனுப்பி அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. படுத்தபடியே ஃபோனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். சுஷ்மிதா கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா பிரதீபா. ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"சொல்லுங்க சார்."

"உனக்கு மூணு பன்னண்டு. எனக்கு மூணு நாப்பது. நடுவுல இருபத்தெட்டு நிமிஷம் கீது. எனக்கு இருபத்தஞ்சு போதும். ஏன் சொல்லல?"

"மீட்டிங்ல இருந்தேன் சார். மழையைக் கவனிக்கல."

அவர் குரல் ஏறவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கவனிக்காதவளுக்கு மூணு பன்னண்டுன்னு எப்டிம்மா தெரிஞ்சிது?"

சுஷ்மிதாவின் கை நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஆளிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று கோபமாகவும் இருந்தது. அவருக்குத் தெரிந்தது இருபத்தெட்டு நிமிடம்தான். என் கையில் ஐம்பது இருந்தது. அதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.